கஞ்சிப் பானையும் கிறீன் வைத்தியரின் தமிழும்

2009 யூன் மாதத்தில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தவர்களுக்கு அந்த அடுப்புகள் நினைவிருக்கும். கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் இடையில் ஆள் திரும்ப இடம் போதாது. அந்த இடைவெளியில் மூன்று கல். அதன்மேல் பானை. பானையைச் சுற்றிப் பிள்ளைகள். இராமநாதன், அருணாச்சலம், கதிர்காமர், ஆனந்தகுமாரசுவாமி என்று முகாமின் வலயங்களுக்குப் பெரிய தமிழர்களின் பெயரை வைத்திருந்தார்கள். முட்கம்பிக்கு உள்ளே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம்.

எங்களுடைய தறப்பாளுக்கு இரண்டு தறப்பாள் தள்ளியிருந்த குடும்பத்தில் மூன்று வயதுப் பொடியன் ஒருவன். கொதிக்கிற கஞ்சிப் பானை அவன்மேல் சரிந்துவிட்டது. வலது கை, தோள், மார்பின் ஒரு பக்கம் எல்லாம் வெந்துபோயின. ஓடிவந்தவர்களில் ஒருவர் பற்பசை பூசினார். தண்ணீருக்கு வரிசையில் நின்று வாளி நிரப்புகிற காலம் அது. பிள்ளையின் கையில் ஊற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் ஊற்றத் தண்ணீர் இருந்திருக்குமோ தெரியாது. பிள்ளையை முகாம் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அம்புலன்சில் மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். தாய் மட்டும் கூடப் போனார்.

மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தார்கள். பிள்ளை உயிரோடு இருந்தான், காயமும் பெரும்பாலும் ஆறியிருந்தது. தாயின் கையில் ஒரு துண்டு இருந்தது. அதில் எழுதியிருந்த மொழி அவருக்குத் தெரியாது. அங்கிருந்த தாதியர் நல்லவர்கள் என்று பலமுறை சொன்னார். கையைக் காட்டி, மடக்கி, நீட்டி ஏதோ விளங்கப்படுத்தினார்களாம். நோகும், ஆகவே கையை அசைக்கவிடாதே என்று அவர்கள் சொன்னதாக அவர் விளங்கிக்கொண்டார். உண்மையில் அவர்கள் சொல்லியிருக்கக்கூடியது அதற்கு நேர்மாறானது. எரிகாயம் ஆறும்போது தழும்பு இறுகும், மூட்டை இழுத்துப் பிடிக்கும். அதனால் கையை நீட்டிக் கட்டிவைக்க வேண்டும், பிள்ளை அழுதாலும் ஒவ்வொரு நாளும் நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க வேண்டும். தாய் பிள்ளையின் கையை மடித்து, மார்போடு அணைத்து, பத்திரமாக வைத்திருந்தார். சில மாதங்களில் முழங்கை மடிந்தபடியே இறுகிவிட்டது.

ஊடகக் கல்வி படித்த காலத்தில், தமிழில் அறிவியல் எழுதியவர்களைப் பற்றிய ஒரு பாடத்துக்காகச் சாமுவேல் பிஸ்க் கிறீனைப் பற்றி வாசிக்க நேர்ந்தது. வாசிக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுதான் மனதில் வந்தது. மானிப்பாயில் அவரது பெயரில் ஒரு வைத்தியசாலை இருப்பது பலருக்குத் தெரியும். அவர் அங்கே என்ன செய்ய முயன்றார் என்பது அவ்வளவாகத் தெரியாது.

கிறீன் 1822 ஒக்டோபர் 10 ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்ரர் நகரில் உள்ள கிறீன் ஹில் என்ற குடும்பப் பண்ணையில் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். ஒருவர் யாழ்ப்பாணத்தைக் கிறிஸ்தவமாக்க வந்தவர், மற்றவர் அதை எதிர்த்து நின்றவர். தமிழ் உரைநடை எதையும் சொல்லவல்லது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே எண்ணம். கிறீனின் சகோதரர் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் மாநகரத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், சென்ரல் பூங்காவின் பின்னால் இருந்தவர். அண்ணன் தம்பிகளில் ஒருவர் உலகின் பெருநகரம் ஒன்றைக் கட்ட, மற்றவர் மானிப்பாய்க்கு வந்தார்.

நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845 இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, அவரது சொந்த மாநிலத்தின் பொஸ்ரன் நகரில், ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது பகிரங்கமாகக் காட்டப்பட்டது. வலி தெரியாமல் வெட்டலாம் என்ற அந்தப் புது உலகத்திலிருந்துதான் அவர் 1847 இல் கப்பலேறினார். ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வயது இருபத்தைந்து.

அமெரிக்க மிஷனுக்கு அவர் முதல் வைத்தியர் அல்லர். ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் 1820 முதல் வைத்தியம் பார்த்தவர். அவருக்குப் பின் நேதன் வோர்ட் வட்டுக்கோட்டையில் இருந்தார். கிறீனும் வட்டுக்கோட்டையில் தொடங்கி 1848 இல் மானிப்பாய்க்கு மாறினார். அந்த ஆண்டிலேயே ஒரு சில இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870 இல். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னால், பனங்கூடல்களுக்கு நடுவே, மேலைத்தேய மருத்துவ வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

அவர் எதற்காக வந்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. மதத்தைப் பரப்ப வந்தார், வைத்தியம் அதற்கு வாசல். மருந்து வாங்க வந்தவர்கள் போதனையையும் கேட்டுத்தான் போனார்கள். ஆனால் மிஷனுக்குள்ளேயே அவர் ஒரு விடயத்தில் தனித்து நின்றார். கிறிஸ்தவராகிறவர் உடுப்பிலும் சாப்பாட்டிலும் பேச்சிலும் வெள்ளைக்காரராக வேண்டியதில்லை, தமிழராகவே இருக்கலாம், இருக்கவும் வேண்டும் என்று நினைத்தார். மருத்துவத்திலும் அதே எண்ணம்தான்.

முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. பலன் என்ன என்பதை அவர் சில ஆண்டுகளிலேயே கண்டார். ஆங்கிலத்தில் படித்தவர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போவார், பட்டணத்துக்குப் போவார், கடல் கடந்தும் போவார். கிராமத்தில் இருக்கமாட்டார். தமிழில் படித்தவர் தமிழ் ஊரில் இருப்பார் என்பது கிறீனின் கணக்கு. இன்று வன்னி வைத்தியசாலைகளின் ஆளணி வெற்றிடங்களைப் பற்றி எழுதுகிற எவரும் அந்தக் கணக்கைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கவேண்டி வரும். நூற்றி எழுபது ஆண்டுகளாக அது மாறவேயில்லை.

தமிழில் படிப்பிப்பதென்றால் தமிழில் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குச் சொல் வேண்டும். கிறீன் தன் ஆயுளின் பெரும் பகுதியைக் கொடுத்தது இதற்குத்தான். கற்றர் என்பவர் எழுதிய உடலமைப்பு நூலை முதலில் எடுத்தார். பின்பு மோன்செல்லின் பிரசவ வைத்தியம் தமிழில் வந்தது. இடையில் உடல் நலம் கெட்டு 1857 இல் அமெரிக்கா திரும்பினார். 1862 இல் மணமுடித்து மனைவியோடு மானிப்பாய்க்கு மறுபடி வந்தார். 1864 முதல் வகுப்பு முழுவதும் தமிழில்.

கலைச்சொல்லுக்கு அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் வழங்குகிற சொல் உண்டா என்று பார்ப்பது. இல்லையென்றால் சமஸ்கிருதத்தில் தேடுவது. அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு ஏற்ப மாற்றி எடுப்பது. இப்படித்தான் உடலமைப்பு அங்காதிபாதம் ஆயிற்று, உடற்றொழில் சுகரணம் ஆயிற்று, இரசாயனம் கெமிஸ்தம் ஆயிற்று. கெமிஸ்தத்தைப் பார்த்து இன்று சிரிக்கலாம். அங்காதிபாதமும் நாவில் ஒட்டவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் எதுவும் மேசையில் தனியாக உட்கார்ந்து புனையப்பட்டவை அல்ல. டன்போத், சப்மன் முதலிய மாணாக்கர்கள் கூட இருந்து மொழிபெயர்த்தார்கள், மறுநாள் வகுப்பில் அதே சொற்கள் புழங்கின. டன்போத் என்றவுடன் வெள்ளைக்காரர் என்று நினைக்கவேண்டாம். மிஷன் பாடசாலைகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரை வைத்த காலம் அது.

1867 இல் இரண வைத்தியம் வெளிவந்தது. லண்டனைச் சேர்ந்த றொபேட் துரூயிற் சத்திரசிகிச்சையாளருக்காக எழுதிய கைநூலின் தமிழ் வடிவம் அது. துரூயிற்றின் நூலில் நெருப்பாலும் கொதிநீராலும் வரும் காயங்களுக்குத் தனி அத்தியாயமே உண்டு. ஆக, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தீப்புண்ணைப் பார்க்கவேண்டிய வைத்தியர் தமிழில் படித்து வரவேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார்.

அந்தக் காலத்து எரிகாய வைத்தியத்தைப் பெரிதாகப் புகழ ஒன்றும் இல்லை. காற்றுப் படாமல் மூடுவதே முக்கியம் என்று நினைத்தார்கள். மா தூவினார்கள், பஞ்சால் பொதிந்தார்கள், ஆளி எண்ணெயையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் கலந்து பூசினார்கள். ஸ்கொட்லாந்தின் கரன் இரும்பாலையில் வேலையாட்களுக்குப் பூசியதால் அந்தக் கலவைக்குக் கரன் எண்ணெய் என்று பெயர். வலிக்கு அபின், தளர்ச்சிக்கு பிராந்தி. உடலின் பெரும்பகுதி எரிந்த பிள்ளை முதல் இரண்டு நாளில் இறந்துபோகும். தப்பினால் புண் சீழ்பிடித்து இறக்கும். அதையும் தாண்டினால் தழும்பு இறுகிக் கழுத்து மார்போடு ஒட்டும், விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டும். இந்த மூன்று கட்டங்களையும் அக்கால வைத்தியர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

இரண வைத்தியம் வந்த அதே 1867 இல் ஜோசப் லிஸ்ரர், கார்போலிக் அமிலத்தால் புண்ணில் கிருமித்தொற்றைத் தடுப்பது பற்றி எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பாரிசில் ரெவெர்டின் தோலின் சிறு துணுக்குகளைப் புண்ணில் ஒட்டி வளரச் செய்தார். 1870 இல் லண்டனில் ஜோர்ஜ் பொலொக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், எரிகாயம் நெடுநாள் ஆறாமல் கிடந்த ஒரு சிறுமிக்கு அதையே செய்தார். கிறீனின் நூல் இந்தக் கதவுகள் திறப்பதற்குச் சற்று முன்னால் அச்சாகிவிட்டது. கெட்ட நேரம் என்றுதான் சொல்லவேண்டும். அவரது மாணாக்கர் வழியில் தொடர்ந்து யாராவது இருந்திருந்தால் அடுத்த பதிப்பில் இவையெல்லாம் தமிழில் ஏறியிருக்கும்.

அவர் ஓயவில்லை. 1872 இல் கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் வந்தது. ஹூப்பரின் மருத்துவ நூல் வைத்தியாகரம் ஆயிற்று. மொத்தம் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். அவரிடம் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வைத்தியம் படித்தார்கள், அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழில். வாந்திபேதி யாழ்ப்பாணத்தைத் திரும்பத் திரும்ப அள்ளிக்கொண்டு போன ஆண்டுகளில் ஊர் ஊராகப் போனவர்களில் இந்த மாணாக்கர்களும் இருந்தார்கள். அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக் 1850 இல் யாழ்ப்பாண நகரில் தொடக்கிவைத்த சிறு வைத்தியசாலையிலும் அவர்கள் வேலை செய்தார்கள். இன்றைய யாழ். போதனா வைத்தியசாலையின் வேர் அதுதான்.

1873 இல் உடல் நலம் முற்றாகக் கெட்டு ஊர் திரும்பினார். திரும்பியும் வேலையை விடவில்லை என்பதுதான் எனக்கு இவரது வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி. பனி பெய்கிற மசாசூசெற்ஸில் உட்கார்ந்து, கப்பலில் வந்த தமிழ்ப் பிரதிகளைத் திருத்தினார். மாணாக்கர் எழுதியதைப் பார்த்து, சொல் மாற்றி, திரும்ப அனுப்பினார். கெமிஸ்தம் 1875 இலும், மனுஷ சுகரணம் 1883 இலும் இப்படித்தான் வந்தன. ஊரில் தமிழ் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இல்லாமல், பத்தாண்டுக்கு மேலாக ஒரு மனிதர் இதைச் செய்துகொண்டிருந்தார். 1884 மே 28 இல், பிறந்த அதே கிறீன் ஹில்லில் இறந்தார். தான் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்பது கல்லறையில் பொறிக்கப்படவேண்டும் என்று கேட்டிருந்தார். அப்படியே செய்தார்கள். அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீனின் ஊரில், தமிழர் என்ற சொல் பொறித்த ஒரு கல் நிற்கிறது.

அவர் போனதும் தமிழ் மருத்துவக் கல்வியும் போய்விட்டது. 1870 இல் தொடங்கிய கொழும்புக் கல்லூரி ஆங்கிலத்தில் படிப்பித்தது. அங்கே படித்தால் அரசாங்க உத்தியோகம். யாழ்ப்பாணத்துப் பெற்றோர் எதைத் தெரிவு செய்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. குற்றம் சொல்லவும் முடியாது. மருத்துவ அறிவு ஆண்டுக்காண்டு பெருகும்போது நான்காயிரம் பக்கத்தை வைத்து எத்தனை நாள் சமாளிப்பது? இன்றைக்கு எம்.பி.பி.எஸ். பாடத்தைத் தமிழில் நடத்தவேண்டும் என்று நான் வாதிட வரவில்லை. வைத்தியர் ஆங்கிலத்தில் படிக்கட்டும். நோயாளியின் தாயோடு அவர் என்ன மொழியில் பேசுகிறார் என்பது வேறு கேள்வி. கிறீன் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தார், நாங்கள் இரண்டையும் ஒன்றாகவே கைவிட்டோம்.

எரிகாயத்தில் இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு கூர்மையாக வருகிறது என்றால், இதன் வைத்தியத்தில் பாதிக்கு மேல் தாயின் கையில்தான் இருக்கிறது. வைத்தியசாலைக்கு வருவதற்கு முன்னாலும் அவர்தான், வெளியேறிய பின்னாலும் அவர்தான்.

பிள்ளையின் தோல் மெல்லியது. 60 பாகை செல்சியஸ் சூட்டுத் தண்ணீர் பெரியவரின் தோலை ஆழமாகச் சுடுவதற்கு ஏறக்குறைய ஐந்து விநாடி எடுக்கும் என்றால், பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. சுட்டவுடன் செய்யவேண்டியது ஒன்றுதான். இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஓடவிடுவது. மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், முட்டை வெள்ளைக்கரு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். புண்ணைத் துப்புரவான துணியால் தளர மூடி, பிள்ளையின் மற்ற உடம்பு குளிராமல் போர்த்திக் கொண்டுபோக வேண்டும்.

எரிந்த பரப்பை அளக்கப் பிள்ளையின் சொந்தக் கையே அளவுகோல். விரல்களோடு சேர்த்து அதன் உள்ளங்கை உடலில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. பிள்ளையின் தலை உடம்போடு ஒப்பிடும்போது பெரியது என்பதால் பெரியவர்களுக்கான கணக்கு இங்கே பொருந்தாது. அதற்கென்று 1944 இல் லுண்டும் பிரவுடரும் தனி வரைபடம் தந்தார்கள். நூற்றுக்குப் பத்துக்கு மேல் எரிந்திருந்தால் பிள்ளைக்கு நாளத்தின் வழியாகத் திரவம் ஏற்றவேண்டும். முதல் இரண்டு நாளில் பிள்ளைகள் ஏன் இறந்தார்கள் என்ற கிறீன் காலத்துப் புதிருக்கு விடை இதுதான். எரிந்த உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழக்கிறது. 1921 இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஒரு திரையரங்கு எரிந்தபோது காயப்பட்டவர்களை ஆராய்ந்த அண்டர்ஹில் இதைக் கண்டார். இன்று வாட்டுகளில் பாவிக்கும் பார்க்லண்ட் சூத்திரப்படி, 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நூற்றுக்குப் பதினைந்து எரிந்தால் முதல் நாளில் 720 மில்லிலீற்றர். அதில் பாதி, 360, சுட்ட நேரத்திலிருந்து எட்டு மணித்தியாலத்துக்குள். பிள்ளைக்கு வழமையாகத் தேவைப்படும் திரவம் இதற்கு மேலதிகம். சுட்ட நேரத்திலிருந்து என்பதைக் கவனியுங்கள், வைத்தியசாலைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. எத்தனை மணிக்குச் சுட்டது என்று தாயிடம் ஒருவர் கேட்கவேண்டும், தாய்க்கு அந்தக் கேள்வி விளங்கவேண்டும்.

பிறகு தோல் ஒட்டு, கட்டு மாற்றுதல், எல்லாம் வைத்தியசாலையின் வேலை. வீட்டுக்கு வந்ததும் தொடங்குகிறது அடுத்த கட்டம். இறுக்கமான அமுக்க உடுப்பை நாளில் பெரும்பாலான நேரம் போட்டிருக்க வேண்டும், அதுவும் மாதக் கணக்கில். இரவில் மூட்டை நீட்டிக் கட்டவேண்டும். தழும்புக்கு எண்ணெய் தடவி உருவவேண்டும். பிள்ளை வளரும், தழும்பு அதோடு சேர்ந்து வளராது. ஆகவே வளர்ந்து முடியும்வரை காட்டிக்கொண்டே இருக்கவேண்டும், சிலருக்கு மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்படும். இத்தனையையும் சைகையில் விளங்கப்படுத்த முடியாது.

2009 மே மாதத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மெனிக்பாமுக்கு முன்னால் வீதியோரத்தில் கூடார வைத்தியசாலை ஒன்றைத் திறந்தது. வவுனியா வைத்தியசாலை நிரம்பி, காயப்பட்டவர்கள் வேறு மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வெளிநாட்டு வைத்தியர்களுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர்கள் எங்கள் பிள்ளைகள்தான். பல வாட்டுகளில் அந்த வேலையைச் செய்ய எவருமே இருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் பதவி என்பது இன்றும் ஆளணிப் பட்டியலின் கடைசியில்தான் வருகிறது.

நெருப்பைப் பற்றிப் பேசும்போது இந்த நாட்டு வைத்தியர் இன்னொருவரையும் சொல்லாமல் விடமுடியாது. மண்ணெண்ணெய் குப்பிவிளக்கு சரிந்து எரிந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992 இல் சரியாத விளக்கு ஒன்றைச் செய்தார். கட்டையானது, கனமானது, இரண்டு பக்கம் தட்டையானது, உருளாது. மூடி திருகுமூடி என்பதால் விழுந்தாலும் எண்ணெய் கொட்டாது. 1998 இல் அதற்கு உலகளாவிய ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் இல்லாமல் இருந்த வன்னிக்கு அந்த விளக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று நினைத்துப் பார்க்கிறேன். நாங்கள் ஜாம் போத்தலில் திரி போட்டுத்தான் படித்தோம்.

மெனிக்பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அந்தக் குடும்பம் அதற்கு முன்பே முல்லைத்தீவுப் பக்கம் மீளக் குடியமர்ந்துவிட்டது. போன ஆண்டு அவர்களைக் காணப் போனேன். பொடியன் இப்போது என்னைவிட உயரம். முழங்கைத் தழும்பைப் பிறகு ஒருமுறை வெட்டி விடுவித்திருக்கிறார்கள், கை முக்கால்வாசி நிமிர்கிறது. இடக்கையால் எழுதப் பழகிவிட்டான். தாய் அந்தத் துண்டை ஒரு பிளாஸ்ரிக் உறையில், குடும்ப அட்டையோடு சேர்த்து இன்னும் வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். இரண்டு கிழமையில் திரும்ப வரவும், கைப்பயிற்சி என்று இருந்தது.